பெயரில்லாத பொத்தான்

லியெபாயாவில் பிப்ரவரி. துறைமுகக் காற்று
நான்காம் மாடி ஜன்னலை ஆட்டிக்கொண்டிருக்க
விஸ்மா பென்டிரைவைச் செருகுகிறாள்.
விசிறி சுழலும் ஓசை.
பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், திரையில் எல்லாம் இருக்கிறது.
எந்த மொழி என்று கேட்கிறது,
உலகப் படத்தில் ரீகாவைச் சொடுக்கச் சொல்கிறது,
ரயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வாய் மட்டும் அசைப்பவர்கள் போல.

போன முறை கீழ்வீட்டு குன்வால்டிஸைக் கூப்பிட்டாள்.
முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு சொல்லாகச் சரக்கு இறக்கினார்:
"வட்டு... முழுவதையும்... அழிக்கவா.
ஆம், இல்லை, ரெண்டும் இருக்கு.
ஒண்ணு நீலமா இருக்கு."
"எது நீலம்?"
"இல்லை."
என்ட்டரை அழுத்தினாள்.

நீலம் என்பது தேர்ந்தெடுத்ததா, விட்டுவிட்டதா,
எந்தக் கிரேனும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை.
பதினோரு வருஷத்துப் பாடற்குழு ஒத்திகைகள் போயின.
இரண்டாம் வரிசையில் நின்று பாடி
இப்போது மண்ணுக்குள் இருக்கும் ஒருத்தியின் இருமலும்
அதில்தான் இருந்தது.

அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க
விஸ்மா காபி போட்டாள், சர்க்கரை மறந்து.
அன்றிரவே எழுதினாள், நிறுவியை எழுதுகிறவர்களுக்கு.
கோபமாக மூன்று பத்தி. அழித்தாள்.
மிஞ்சியது இவ்வளவுதான்:
"ஒலி அட்டை கடைசியில் விழிக்கிறது.
முதலில் விழிக்கட்டும்."

ட்ரொண்ட்ஹைமிலிருந்து எஸ்கில் பதில் போட்டான்:
எத்தனை பேருக்கு இது தேவைப்படும்?
"கதவு வைக்காத சுவரில்
தட்டியவர்களை எண்ணுகிறீர்கள்" என்றாள்.
பதினாறு நாள் சத்தமில்லை.

பதினேழாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு,
எஸ்கில் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தான்.
தான் கட்டிய வீடு, தன் சாவி.
டேப் விசையைத் தட்டினான்.
பொத்தான், என்றது குரல்.
தட்டினான். பொத்தான்.
தட்டினான். பொத்தான்.
அழகாக வரைந்த கை
பெயர் வைக்க மறந்திருந்தது. அவன் கைதான்.
கடவுச்சொல் பெட்டிக்கு எப்படியோ வந்து சேர்ந்தான்.
அது ஒவ்வோர் எழுத்தையும் உரக்கப் படித்தது.
அடுத்த அறையில் மனைவி சிரித்தாள்.

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு ஒரு வசதி உண்டு:
தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார் என்று
எந்த வினைக்குப் பின்னாலும் ஒரு பார்வையை
இனாமாக ஒட்டிவிடுவோம்.
கண் என்பதே எங்கள் இலக்கணத்தில்
இடத்தைச் சொல்லும் வேற்றுமை உருபு.
ஆனால் உருபு சேர்த்தால்
இடம் கிடைத்துவிடுமா?

அதற்கு யாராவது உட்கார்ந்து
சலிப்பூட்டும் நாற்பது வரி எழுதியாக வேண்டும்.
ஒலியை முதலில் எழுப்பு.
படத்துக்குப் பக்கத்தில் ஊர்ப்பட்டியல் வை.
கடவுச்சொல்லுக்கு வாயைப் பொத்து.
நகரும் பட்டை, தான் நகர்வதை
அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லட்டும்.

இன்று, விசிறிக்குப் பிறகு,
ஒரு பீப்.
அப்புறம் மூக்கால் பேசும் ஒரு குரல்.
லாட்விய நெடில்களை மென்று துப்புகிறது.
இவ்வளவு அசிங்கமான உச்சரிப்பை
விஸ்மா கேட்டதில்லை. தலையணையை மடியில் வைத்து
இன்னொரு முறை கேட்கிறாள்.

"வட்டு முழுவதையும் அழிக்கவா?
இல்லை: தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது."
டேப். "ஆம்."
டேப். "இல்லை."
டேப். "ஆம்."
விளையாடுகிறாள். யாரும் காத்திருக்கவில்லை,
யாருடைய கண்ணாடியும் பனிபடியவில்லை.
தப்பானால் அது
அவளுடைய தப்பாக இருக்கும்.
அழுத்துகிறாள்.

ஏழு மணிக்கு குன்வால்டிஸ் மாடியேறி வருகிறார்,
சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி.
"இன்னைக்குத்தான்னு சொன்னே. கூப்பிடவே இல்லையே."
அவள் பதில் சொல்வதற்குள்
மேசையிலிருந்து மூக்குக்குரல்:
"முப்பத்தைந்து விழுக்காடு."

யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து
அவர் தொப்பியைக் கழற்றுகிறார்.